இடுப்புப் பெட்டியோடுதான் வருவேன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் என் இடுப்புப் பெட்டியும் நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், சீக்கிரமே புது மாப்பிள்ளை ஆகப்போகிற தங்கள் இளைய மகனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

இளையவரின் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தாள் கெட்டி, அச்சு அழகு, எங்கள் பெயரும் பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் உள்ளே தங்கள் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. "அந்த மைக் பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். தாங்கள் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தாலே எங்களுக்குப் பெருமை" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி, பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பெட்டி வரக்கூடாத இடத்துக்கு நானும் வரமாட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் பெட்டி இல்லாமல் நான் போனில் பேசினால் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிடுவீர்கள், பெட்டியோடு பேசினால் யாரோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். என் மனைவி "பெரியவர் ஏதோ சொல்றாரு, ஒரு நாள்தானே, கேட்டுட்டுப் போங்களேன்" என்கிறாள். ஒரு நாளா? இவளுக்கு என்ன தெரியும்!

நான் யாராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிற வேலை. விடியற்காலையில் தக்காளி லாரி வந்து நின்றதும் நான் முதல் விலையைச் சொன்னால், கடைசிக் கொட்டகையில் சாக்கு மேல் தூங்குகிற வியாபாரி கண்ணைத் திறக்காமலே விலையை ஏற்றிக் கேட்பார். ஒலிபெருக்கி எதுவும் கிடையாது, தொண்டை ஒன்றுதான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. "இனிமே இவ்வளவுதான் வரும், பழகிக்குங்க" என்று டாக்டர் சொன்னார். இவ்வளவு என்றால் எவ்வளவு? சைக்கிள் டியூபில் ஊசி குத்தினால் ஒரு காற்றுச் சத்தம் வருமே, அவ்வளவு. வெகு நாள் அப்படியே இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு மேசையில் பேச்சு மாறிவிடும். நான் இரண்டு வார்த்தை சேர்ப்பதற்குள் "சரி சரி, நீங்க சிரமப்படாதீங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். அந்த நாட்களில்தான் சம்பந்தி, ஊரில் உள்ள அத்தனை பேரும் என்னை நல்ல மனிதர் என்றார்கள். "அப்பா இப்ப எவ்வளவு அமைதியாயிட்டார் பாரு" என்று பெற்ற மகளே மெச்சிக்கொண்டாள். என் ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள். ஏன் விற்றீர்கள் என்று எழுதிக் காட்டிக் கேட்டதற்கு, என் மகன், "நீங்க வேண்டாம்னு சொல்லவே இல்லையேப்பா" என்றான். எப்படிச் சொல்வது? எதை வைத்துச் சொல்வது?

அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கிக் கடைக்குப் போய் இந்தப் பெட்டியை வாங்கினேன். தலையில் மாட்டிக்கொள்ள ஒரு மைக், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டு முதன்முதலில் நான் பேசியது, "என் ஸ்கூட்டர் எங்கே?" என்பதுதான். தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, பாத்திரமெல்லாம் அதிருது" என்றாள். இவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த கொண்டாட்டம். இந்தப் பெட்டியைத்தான் நீங்கள் வைத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள்.

சரி, உங்கள் பணி ஓய்வு விருந்தில் நடந்ததை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது என்ன என்று என் தரப்பையும் கேளுங்கள். முதல் குற்றச்சாட்டு, ஊளை. மாடி மண்டபத்து வாசலில் நீங்கள் மாலையும் கழுத்துமாக நின்றீர்கள். நான் ஆசையாக வந்து உங்களைக் கட்டித் தழுவினேன். குனிந்து தழுவியதில் மைக் நழுவி இடுப்புப் பக்கம் தொங்கிவிட்டது. பெட்டி உடனே உங்கள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. அது சாதாரண ஊளையா! ரயில் எஞ்சினுக்கும் நாய்க்கும் சண்டை வந்த மாதிரி. சம்பந்தி அம்மா பழரசத் தட்டை அப்படியே விட்டார்கள். நான் பயந்துபோய் உங்களை விட்டு விலகியிருக்கலாம். பயத்தில் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், அது என் தப்புதான், ஆனால் பயந்தவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். இப்போது அதற்கு மருந்து தெரியும். மைக்கும் பெட்டியும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. பார்த்தால் பெட்டி போட்ட சத்தத்தை மைக் கேட்டு, கேட்டதைப் பெட்டியிடம் திருப்பிச் சொல்லி, பெட்டி அதை இன்னும் பெரிதாகச் சொல்லி, இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி ஏற்றிக்கொண்டே போகும். பெட்டியை இப்போது முதுகுப் பக்கம் கட்டுகிறேன், சத்தத்தைப் பாதி அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை, யாரையும் தழுவுவதில்லை. கைகுலுக்கல் மட்டும்தான். ஊளை ஒழிந்தது.

இரண்டாவது, உங்கள் மேலதிகாரி விஷயம். அவருக்கு என்னை அறிமுகப்படுத்தினீர்கள். நான் வாயைத் திறந்து வணக்கம் என்று சொன்னேன். பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல், "வயித்தை நல்லா உள்ள இழுங்க! இன்னும் உள்ள! எவ்வளவு தொங்குது பாருங்க!" என்றது. அதிகாரி இழுத்துக்கொண்டார், நான் பார்த்தேன். நான் கையை ஆட்டி, நான் இல்லை, நான் இல்லை என்கிறேன், பெட்டி, "கையை ஆட்டாதீங்க! அந்த ஓரத்துல நிக்கிறவர், உங்களைத்தான்! மூச்சை விட்றாதீங்க!" என்கிறது. ஓரத்தில் நின்றவர் அவர்தான். மனிதர் மூச்சை விடவே இல்லை, முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை ஓடிப் போய்க் கீழ்மாடியில் பார்த்துவிட்டு வந்தார். அங்கே உடற்பயிற்சி வகுப்பு; அந்த அம்மாவும் என்னுடையதைப் போலவே ஒரு மைக்கை மாட்டியிருந்தார்கள். இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசையில் பேசினால் எது வலுவானதோ அதன் பேச்சுதான் பெட்டியில் வரும். அவர்கள் மைக் விலை கூட. இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது? இதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் பெட்டியில் ஓர் எண் மாறும். மைக்கிலும் அதே எண்ணுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அக்கம்பக்கத்தில் யாராவது மைக் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் வணக்கமே சொல்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது. வாழ்த்துரை. நீங்களாகக் கூப்பிட்டு, "சம்பந்தி, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எத்தனை நாளாயிற்று என்னை யாராவது பேசச் சொல்லி! மேடை ஏறினேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறை 'சம்பந்தி' என்று சொல்லும்போதும் நடுவில் இருக்கிற எழுத்து பலூன் வெடித்த மாதிரி வெடித்தது, குழந்தைகள் அதற்கே கைதட்டினார்கள். மைக் வாய்க்கு நேராக இருந்ததுதான் காரணம், இப்போது பஞ்சுத் தொப்பி போட்டு வாயோரத்துக்குத் தள்ளிவிட்டேன், வெடிப்பதில்லை. அதை விடுங்கள். உங்கள் நேர்மையைப் பற்றித்தான் பேச நினைத்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "நம்ம சம்பந்தி இத்தனை வருஷம் தணிக்கை அதிகாரியா இருந்து, ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட, கை நீட்டிக் காசு வாங்கினார்" என்றேன். அந்த இடத்தில் பெட்டி செத்துப்போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது. "என்று எவனாவது சொல்ல முடியுமா?" என்பது என் தொண்டையோடு நின்றுவிட்டது. தமிழில் சொல்ல வந்த விஷயம் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது என்றால் அதற்கு நானா பொறுப்பு? இன்னும் நாலு வார்த்தைக்குச் சார்ஜ் இருந்திருந்தால் நான் உங்களைக் கோபுரத்தில் ஏற்றி வைத்திருப்பேன்.

மண்டபத்தில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் நான் விடவில்லை சம்பந்தி. மிச்ச வாக்கியத்தை இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. சிரித்தார்கள், பின்வரிசைக்குத் திரும்பி விளக்கிச் சொன்னார்கள், மண்டபமே தெளிந்து கைதட்டியது. நீங்கள் என் தோளை உரசிக்கொண்டு நின்றீர்கள். எல்லாருக்கும் முன்னால் உங்களுக்குத்தான் கேட்டிருக்கும். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனீர்கள். என் வாக்கியத்தின் முடிவைக் காதால் கேட்ட பிறகும் என்னைத் தப்பாக எடுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டி செத்தது தற்செயல். நீங்கள் முகம் திருப்பியது தற்செயலா?

அதற்குப் பிறகு நடந்ததற்கும் அந்தப் பேட்டரிதான் காரணம். மாப்பிள்ளை நல்ல மனதோடு பெட்டியை அவிழ்த்து மேடை மேசையில் வைத்துச் சார்ஜில் போட்டார். நான் மைக்கைத் தலையிலிருந்து கழற்ற மறந்து பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் மனைவி. அவளிடம் ரகசியமாகத்தான் சொன்னேன்: "பாவம் சம்பந்தி அம்மா. இனிமே இந்த மனுஷன் காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் வீட்லயே இருப்பாரு, அடுப்பையும் தணிக்கை பண்ணுவாரு, பருப்பையும் தணிக்கை பண்ணுவாரு." மேடையில் இருந்த பெட்டி அதற்குள் உயிர் பெற்றிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மண்டபம் முழுக்க என் குரல். நான் மட்டும் யார் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என் மானம் கப்பலேறியது உண்மைதான். ஆனால் சம்பந்தி, அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டியது யார் என்று நினைத்துப் பாருங்கள். சம்பந்தி அம்மாதான். தட்டியது மட்டுமா, "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணா!" என்றார்கள். இதற்கும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, பேசி முடித்ததும் அமுக்கிவிட வேண்டும். இப்போது நான் மறந்தாலும் என் மனைவி மறப்பதில்லை. எனக்கு முன்னாலேயே அமுக்கிவிடுகிறாள், சில நேரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே. மாற்று பேட்டரி ஒன்றும் சார்ஜ் ஏற்றிச் சட்டைப் பையில் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரியாது என்பதால், அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

ஆகவே ஊளை இல்லை, ஊடே வேறு குரல் இல்லை, வெடிப்பு இல்லை, பாதியில் சாவது இல்லை, ரகசியம் வெளியே போவதும் இல்லை. பெட்டியில் இருந்த கோளாறு எல்லாவற்றையும் சரி செய்தாகிவிட்டது. சரியாகாமல் இருப்பது மனிதர்கள்தான். தாங்கள் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். கணக்குகளைத் தணிக்கை செய்யுங்கள், என் வாயைத் தணிக்கை செய்யாதீர்கள். "அமைதியாக உட்கார்ந்திருந்தாலே பெருமை" என்று எழுதியிருக்கிறீர்களே, அமைதியாக உட்கார்ந்திருக்க ஒரு பூந்தொட்டியை வாங்கி என் நாற்காலியில் வைத்துவிடுங்கள். அதுவும் பேசாது, அதன் ஸ்கூட்டரையும் யாரும் விற்க முடியாது. இளையவர் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தி நாலு வார்த்தை பேசுவேன். வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக எழுதி வைத்துவிட்டேன், எங்கே வெட்டினாலும் நல்ல அர்த்தம்தான் வரும். அதற்குச் சம்மதம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். சம்மதம் இல்லையென்றால் என் மனைவி மட்டும் வருவாள். நான் இங்கே, என் வீட்டு மாடியில் நின்று, உங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து, முழுச் சத்தத்தில் வாழ்த்துவேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அது நடக்காது. குரல் ஒரு முறை போய்த் திரும்பி வந்தவன் நான். இரண்டாவது முறை நானாகக் கழற்றி வைக்க மாட்டேன். இதில் ஒற்றைக்காலில் நிற்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

மணமக்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கடைசி வார்த்தை வரை கேட்டு, நெடுங்காலம் நிறைவாக வாழட்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மீது மரியாதையும் வருத்தமும் சம அளவில் வைத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்ப்பதற்காகக் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இதை அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "அவருக்குக் காது கேக்கிறதில்லைங்க. ரொம்ப நாளாவே. அந்தம்மா என்கிட்ட மட்டும் சொல்லி அழுதாங்க. வெளியில தெரியக்கூடாதுன்னு, யார் என்ன சொன்னாலும் சிரிச்சுச் சமாளிச்சுட்டு இருக்காராம். அன்னிக்கு மேடையில உங்க பெட்டி பேசினது மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கு. அப்புறம் நீங்க வாயை அசைச்சதுதான் தெரிஞ்சுதாம். கல்யாணத்துல நீங்க மைக்குல அவரைக் கூப்பிட்டு ஏதாவது கேட்டு, மொத்த மண்டபமும் திரும்பிப் பார்க்க, பதில் தெரியாம நிக்கணுமேன்னு அவருக்கு ஒரே பயமாம்."

சம்பந்தி, இது எனக்குத் தெரியும் என்று உங்களிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். அதனால் இந்தப் பின்குறிப்பைப் படித்ததும் மறந்துவிடவும். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கஷ்டப்பட்டு எழுதியது, மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். பெட்டி வரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக நமக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் வந்து பேசினால் நான் தலையாட்டுகிற பக்கம் நீங்களும் ஆட்டுங்கள். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியதை இப்படியே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். பதில் போடுங்கள். கோபமாகவே எழுதலாம்.